ஊர்தி நிறுத்த உரிமம்: மாநகராட்சி வாங்குவது எது?

கணிப்பொறி வழியே ஊர்தி நிறுத்த உரிமம் வழங்கும் ஏற்பாட்டை ஒரு மாநகராட்சி விலைக்கு வாங்க முற்படும்போது, விவாதம் பெரும்பாலும் கருவியைப் பற்றியதாகவே அமைந்துவிடுகிறது. கைப்பேசிச் செயலி தடையின்றி இயங்குமா, வண்டியின் எண் பலகையைப் படக்கருவி பிழையறப் படிக்குமா என்பனவே கேள்விகள். அன்பர்களே, கருவி பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதனுடன் சாலையோரத்தை யார், எவ்வளவு காலம், என்ன விலைக்குப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் கைமாறக்கூடும். அவ்வாறு போனதைத் திரும்பப் பெறுவது எளிதன்று.

1993 ஜூனில் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. அதன் 17ஆவது இனத்தில் தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றோடு ஊர்தி நிறுத்துமிடமும் இடம்பெற்றுள்ளது. நகர நிலத்தின் மதிப்புக்கு ஏற்ப நிறுத்தக் கட்டணம் அமைய வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையும் வலியுறுத்தியது. கொள்கை தெளிவாகவே இருக்கிறது. சிக்கல் ஒப்பந்தத்தில் எழுகிறது.

திருவனந்தபுரத்தில் 2022 அக்டோபரில் வெளிவந்த செய்தி இதற்கு நல்ல சான்று. மகாத்மா காந்தி சாலையின் ஓரத்தில் ஒரு பகுதியை ஊர்தி நிறுத்துவதற்காகத் தனியார் விடுதி ஒன்றுக்கு மாதம் 5,000 ரூபாய் வாடகைக்கு மாநகராட்சி விட்டிருந்தது. நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தமும் எழுதப்பட்டிருந்தது. சாலையோ பொதுப்பணித் துறையின் பொறுப்பில் உள்ளது. எதிர்ப்பு எழவே ஒப்பந்தம் இரத்து செய்யப்பட்டது. இங்கே சிறு கணக்கு ஒன்று பயன்படும். மணிக்கு 20 ரூபாய் கட்டணம் என்று கொண்டால், ஒரே ஒரு கார் நிற்கும் இடம், நாளைக்கு 10 மணி நேரம் வீதம் 25 நாட்களில் 5,000 ரூபாய் ஈட்டிவிடும்! சாலை யாருடையது, அதன் மதிப்பு என்ன என்னும் இரண்டுக்கும் விடை காணாமல் எத்தகைய மென்பொருளை வாங்கினாலும், இதே தவறு விரைவாகவும் பெரிய அளவிலும் நடக்கும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரம் செய்தது இதனினும் பெரிது. 2008இல் அந்நகரம் ஏறத்தாழ 36,000 நிறுத்தக் கட்டணமானிகளின் வருவாயை 75 ஆண்டுகளுக்குத் தனியார் குழுமம் ஒன்றிடம் ஒப்படைத்து, சுமார் 115 கோடி டாலர் பெற்றது. வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறையை ஈடுகட்டும் அவசரம்! நகரத்திற்குக் கிடைத்த தொகை ஏறத்தாழ 97 கோடி டாலர் குறைவு என்று நகரத்தின் தலைமை ஆய்வாளர் மறு ஆண்டே அறிக்கை தந்தார். அதைவிடக் கடுமையானது மற்றொரு விதி: கட்டணமானி உள்ள இடங்களைப் பயன்பாட்டிலிருந்து விலக்கினால், நகரம் அக்குழுமத்திற்கு இழப்பீடு தர வேண்டும்.

இத்தகைய விதியைத் திருவனந்தபுரத்திற்குப் பொருத்திப் பார்த்தல் நலம். ஆற்றுக்கால் பொங்கலன்று நகரச் சாலைகள் பலவும் அடுப்புகளின் வரிசையாகிவிடுகின்றன. தலைமைச் செயலகத்தின் முன்னே ஊர்வலங்களும் போராட்டங்களும் ஓய்வதில்லை. ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு கணக்கிடப்படுமானால் மாநகராட்சியின் நிலை என்னாகும்? சாலையை மூடவும், நடைபாதையாக மாற்றவும், பேருந்துக்கு ஒதுக்கவும் உள்ள உரிமையை எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்கலாகாது.

நீண்ட ஒப்பந்தத்தில்தான் இடர் உண்டு என்பதில்லை. சென்னையில் தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தக் காலம் முடிந்தபின், 2025 ஜூலையில் சில இடங்கள் நீங்கலாக ஏனைய நிறுத்துமிடங்களில் புதிய ஏற்பாடு வரும்வரை கட்டணம் செலுத்த வேண்டாம் என்று மாநகராட்சி அறிவிக்க நேர்ந்தது. ஒப்பந்ததாரர் விலகும் நாளன்று உரிமதாரர் பட்டியல், வண்டி எண்கள், கட்டணப் பதிவேடு யாவும் மாநகராட்சியின் கையில், வேறொருவர் பயன்படுத்தக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் வண்டி எப்போது எங்கே நின்றது என்பது தனிமனிதத் தகவல். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும்.

கேரளத்திற்கு இதில் ஒரு வசதி உண்டு. தகவல் கேரள இயக்கம் உருவாக்கிய கே-ஸ்மார்ட் ஏற்பாடு 2024 ஜனவரி முதல் நாளன்று நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்தது. கட்டட அனுமதியும் பிறப்புச் சான்றும் வழங்கும் அதே தளத்தில் நிறுத்த உரிமத்தையும் இணைக்க முடியுமா என்று ஆராய்ந்த பின்னரே ஒப்பந்தப்புள்ளி கோருவது முறை. சிங்கப்பூரில் 2017இல் வந்த நிறுத்தக் கட்டணச் செயலியை அரசின் சொந்தத் தொழில்நுட்ப முகமையே உருவாக்கியது. நிமிடக் கணக்கில் கட்டணம். முன்னதாக வண்டியை எடுத்தால் மீதி திரும்பக் கிடைக்கும். அப்போதும் காகிதச் சீட்டு உடனே நிறுத்தப்படவில்லை.

சாலைக் கம்போளத்தில் விடியற்காலையில் சரக்கு இறக்கும் ஆட்டோக்காரருக்கு அரை மணி நேர இடம் போதும்; மாத உரிமம் அவருக்கு எதற்கு? கைப்பேசிச் செயலியை இயக்கத் தெரியாத ஓய்வூதியர் தம் உரிமத்தைப் புதுப்பிக்க எந்த அலுவலகச் சாளரத்தை அணுகுவது என்பதும், அங்கே அமரும் எழுத்தருக்குச் சம்பளம் யார் தருவது என்பதும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டியவை.