எல்லை தாண்டினால் சட்டமும் மாறும்

(திருவனந்தபுரத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



களியக்காவிளையைத் தாண்டும்போது நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. கடல் குறுக்கே இல்லை. பாஸ்போர்ட் கேட்பார் இல்லை. பஸ்ஸில் கண்ணயர்ந்து விழித்தால் தம்பானூர் வந்துவிடுகிறது. கையில் துணிமூட்டையோடு இறங்குகிறோம். மறுநாளே வேலைக்குப் போகிறோம். சட்டம் மாறிவிட்டது என்பதை மட்டும் யாரும் நமக்குச் சொல்வதில்லை. குழந்தைக்கு ஒரு சான்றிதழ் வேண்டுமென்று அலுவலகப் படி ஏறும்போதுதான் அது நமக்குத் தெரிய வருகிறது.

ஊரில் பட்டா என்றோம். இங்கே பட்டயம் என்கிறார்கள். அங்கே கிராம நிர்வாக அலுவலரிடம் போன காரியத்துக்கு இங்கே வில்லேஜ் ஆபீசுக்குப் போகவேண்டும். அங்கே வரி கட்டினோம். இங்கே கரம் அடைக்கிறோம். இவை பெயர் மாற்றங்கள். ஒரு மாதத்தில் பழகிவிடும். பெயர் மாறாமலே பொருள் மாறுகின்ற சங்கதிகளும் உண்டு. நம்மை வீழ்த்துவது அவைதான்.

சில காலத்துக்கு முன் ஒரு தாய் எங்களிடம் வந்தார். நகரத்தைத் துப்புரவு செய்யும் வேலை. மகள் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். கல்லூரியில் சேர்க்கப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டு மனுக் கொடுத்திருந்தார். அலுவலகத்தில் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "நீங்கள் எந்த வருஷம் இங்கே வந்தீர்கள்?" அந்தத் தாய், "மாமனார் காலத்திலேயே வந்துட்டோம் சார்" என்றார். அவருக்கு அது போதுமான பதில். மனு அங்கேயே நின்றுவிட்டது.

ஏன் நின்றது? அரசியலமைப்பின் 341-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலம் மாநிலமாக வகுக்கப்பட்டது. அதற்கான குடியரசுத் தலைவர் ஆணை வெளிவந்த நாள் 1950 ஆகஸ்டு 10. அந்தத் தேதிக்கு முன்பே இந்த மண்ணில் குடியிருந்த குடும்பமா, பின்னால் வந்த குடும்பமா என்று பார்க்கிறார்கள். பின்னால் வந்தவரின் சாதிப் பெயர் கேரளப் பட்டியலிலும் இருக்கலாம். இருந்தாலும் இந்த மாநிலத்தின் சலுகை அவருக்குக் கிடையாது. 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. 2018-இல் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. சாதி இழிவு எல்லை தாண்டி நம்மோடு கூடவே வருகிறது, தோழர்களே. அதற்கான பரிகாரம் மட்டும் எல்லையிலேயே நின்றுவிடுகிறது.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 1950-இல் கேரளம் என்ற மாநிலமே இல்லை. இருந்தது திருவிதாங்கூர்–கொச்சி. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் அதற்குள்தான் இருந்தன. 1956 நவம்பர் 1-இல்தான் அவை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வந்தவர் மாநிலம் விட்டு மாநிலம் வரவில்லை. அதே நாளில் திருநெல்வேலியிலிருந்து வந்தவர் எல்லை தாண்டி வந்தவர். இருவரும் ஒரே தெருவில் குடிசை போட்டார்கள், ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தார்கள். ஆனால் காகிதத்தில் அவர்கள் கதை வேறு வேறு.

படித்தவர்க்கும் பதவியில் இருப்பவர்க்கும்கூட இந்தத் தொல்லை உண்டு. தேவிகுளம் தனித்தொகுதியில் 2021-இல் வென்றவர் தோழர் ஏ. ராஜா, சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தவர். அவர் இந்த மாநிலத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்தானா என்று வழக்கு வந்தது. மதம் என்ன என்ற கேள்வியோடு, 1950-இல் குடும்பம் எங்கே இருந்தது என்ற கேள்வியும் எழுந்தது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி அவர் வெற்றியை நிலைநிறுத்தியது. சட்டமன்ற உறுப்பினரே பாட்டன் பாட்டியின் பழைய காகிதங்களைத் தேடவேண்டி வந்ததென்றால், தெருக் கூட்டும் தாயின் நிலை என்ன?

காகிதம் இல்லாத தமிழனுக்கு என்ன நேரும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த இடத்துக்கு ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் ஏது பத்திரம்? இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர் நாடற்றவர் ஆனார்கள். 1964-இல் இரண்டு அரசுகள் கூடி 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று அவர்களைப் பங்கு போட்டன. நம் நிலை அவ்வளவு கொடியதல்ல. நாம் இந்த நாட்டின் குடிமக்கள். ஆனாலும் பாடம் அதேதான்.

அந்தத் தாயின் கதைக்கு வருகிறேன். பிள்ளையின் பாட்டனார் பெயரை நாங்கள் தேடினோம். கிடைத்த மிகப் பழைய ஆதாரம் 1953-ஆம் ஆண்டுடையது. மூன்று வருஷம் தாமதம்! மாநிலச் சலுகை கிடைக்கவில்லை. ஆனால் வழி முழுதும் அடைபடவில்லை. இதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்கவேண்டும். எல்லை தாண்டியவர் தம் பூர்வீக மாநிலத்தின் பட்டியலை இழப்பதில்லை. தகப்பனார் வழியில் பூர்வீக ஊரில் பெற்ற சான்றிதழைக் காட்டினால், இப்போது வாழும் மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்குச் சான்று தரலாம் என்று மத்திய அரசின் ஆணை உண்டு. அது இந்த மாநிலத்துச் சலுகைக்குப் பயன்படாது. மத்திய அரசு வேலைக்கும் கல்விக்கும் பயன்படும். அந்தக் குடும்பம் ஊருக்குப் போய் வந்தது. அந்தப் பெண் இன்று அந்தச் சான்றோடு மத்திய அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒரு வருஷம் வீணாயிற்று என்பது உண்மை.

பொய் சொல்லிச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று சில தரகர்கள் வருவார்கள். அவர்களை வாசலோடு அனுப்புங்கள். 1996-ஆம் ஆண்டின் கேரளச் சட்டப்படி பொய்ச் சான்றிதழுக்குத் தண்டனை உண்டு. பெற்ற வேலையும் போகும். தரகன் தப்பிவிடுவான், நம் பிள்ளைதான் கூண்டில் நிற்கும்.

சட்டம் நமக்கு எதிரி மட்டுமல்ல. நமக்காக எழுதப்பட்டு நாம் தொடாமலே கிடக்கும் சட்டங்களும் உண்டு. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழருக்கும் கன்னடியருக்கும் ஓர் உரிமை தந்திருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் நாம் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழிலேயே வரவேண்டும். சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம். செயலகம் நம் கண்ணெதிரே, ஸ்டாச்சு ஜங்ஷனில் நிற்கிறது. அதன் முன் சாலையைக் கூட்டுகிறவர்களில் எத்தனை பேர் அதற்குள் ஒரு தமிழ் மனு அனுப்பியிருக்கிறோம்? மலையாளம் தெரிந்த யாரையோ பிடித்து, என்ன எழுதினான் என்று தெரியாமல் கைநாட்டு வைக்கிறோமே!

சின்ன விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் நடக்கும் கல்யாணத்தை 45 நாளுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டு விதி. தமிழ்நாட்டில் நடந்தால் அங்கே, 90 நாளுக்குள். கல்யாணம் ஊரில், குடித்தனம் இங்கே என்பதால் இரண்டிடத்திலும் பதியாமல் விட்டவர்கள் நம்மில் பலர். வீடு மாறும்போது சொந்தச் சாமானை நாமே இறக்கலாம். 1978-ஆம் ஆண்டின் சுமைத் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலைக்கு வைப்பவரைச் சேர்க்கவில்லை. இறக்காமல் பார்த்து நின்றதற்குக் கூலி கேட்கும் நோக்குகூலியை அரசே 2018 மே 1 முதல் நிறுத்தியது. 1979-ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் கான்ட்ராக்டர் மூலம் வந்தவரையே கணக்கில் எடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தானாக வந்து வேலையில் சேர்ந்தவரையும் அந்த வரையறையில் சேர்க்கிறது. கூலிச் சீட்டும் வேலை அட்டையும் இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

மலையாளத் தோழர்களோடு நமக்குப் பகை கிடையாது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வளைகுடாவில் தெரியாத சட்டத்துக்குள் போய்த் திண்டாடுகிறவர்கள்தான். வில்லேஜ் ஆபீசரைத் திட்டிப் பயனில்லை. அவர் முன்னால் இருக்கும் விதியை அவர் எழுதவில்லை. பட்டியலைத் திருத்தும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே உண்டு. மூன்று தலைமுறையாக ஒரு நகரத்தைச் சுத்தம் செய்தவர்களின் பேரப்பிள்ளை இன்னும் "வந்தவர்" தானா என்ற கேள்வியை நாம் தில்லியில் கேட்கவேண்டும். இங்குள்ள கட்சிகளிடமும் வாக்குக் கேட்டு வரும்போது கேட்கவேண்டும்.

அதுவரை வீட்டுக் காரியம் ஒன்று இருக்கிறது. வீட்டிலுள்ள தகரப் பெட்டியைத் திறவுங்கள். பழைய ரேஷன் கார்டு, பாட்டனாரின் கூலிச் சீட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவின் நகல், கரம் அடைத்த ரசீது, பிறப்பு இறப்புப் பதிவு எதுவானாலும் எறியாதீர்கள். உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் எந்த வருஷம், யாரோடு, எந்த வேலைக்கு வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் போனபின் கேட்க ஆளிருக்காது.

அடுத்த ஞாயிறு காலையில் நாங்கள் இதே இடத்தில் இருப்போம். பெட்டியிலுள்ளதை எடுத்து வாருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். தமிழில் மனு எழுத அவர்கள் பழகட்டும்.