மான்யம் யாரைச் சேர்கிறது?

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் தாலுகாவின் எல்லையில் இருப்பது அத்திபெலே. எல்லையைத் தாண்டினால் ஜூஜூவாடி, தமிழ்நாடு. தொழிற்சாலைகளும் வீட்டுமனைகளும் பெருகிவிட்ட போதிலும், அவற்றின் இடையிடையே கேழ்வரகும் அவரையும் பூச்செடிகளும் இன்னும் பயிராகின்றன. அந்நிலங்களின் பேரால் சர்க்கார் வழங்கும் மான்யம் யார் கைக்குப் போகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மத்திய சர்க்கார் 2019 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் சேர்கிறது. முதலில் 2 ஹெக்டேர் வரை உள்ளவர்க்கே என்றிருந்தது, அவ்வாண்டிலேயே நிலமுடையோர் அனைவருக்கும் என்றாயிற்று. வருமான வரி செலுத்துவோர், தொழில் நடத்தும் டாக்டர்கள், வக்கீல்கள் முதலியோருக்கு இல்லை. விலக்குகள் பல இருப்பினும், விதியின் உயிர்நிலை ஒன்றுதான்: நிலப் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். ஏர் பிடிப்பவர் யார் என்று அது வினவுவதில்லை.

கர்நாடகத்தில் அப்பதிவேட்டைப் பஹணி என்பர். அதன் 9ஆம் கலத்தில் உடையவர் பெயரும், 12ஆம் கலத்தில் சாகுபடி விவரமும் காணும். பணம் 9ஆம் கலத்தைப் பார்த்தே செல்கிறது. குத்தகைக்கு உழுபவர் பெயர் 12ஆம் கலத்திலாவது ஏறுமா என்றால், பெரும்பாலும் ஏறுவதில்லை. இதன் காரணம் விந்தையானது. 1974 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தம் குத்தகை முறையையே ஒழித்தது. அன்று உழுதுகொண்டிருந்த குடியானவர்கள் மனுச்செய்து நிலத்துக்கு உடையவர்களானார்கள். மிகப் பெரிய நன்மை அது, ஐயமில்லை. ஆயினும் அதன்பின், சில விதிவிலக்குகள் நீங்கலாக, குத்தகைக்கு விடுவது சட்டத்துக்குப் புறம்பானது. சட்டம் மறுத்தாலும் வழக்கம் ஒழியவில்லை, வாய்ப்பேச்சில் நடக்கிறது. எழுத்தில் தந்தால் நிலம் போய்விடுமோ என்று உடையவர் அஞ்சுகிறார். கேட்டால் அடுத்த பருவத்தில் நிலம் கிடைக்காதே என்று உழுபவர் வாய் திறப்பதில்லை. உழுதவனுக்கு நிலம் தந்த அதே சட்டம் அவனுக்குப் பின் வந்த உழவனைக் கண்ணுக்குத் தெரியாதவனாக்கிவிட்டது. விவசாயி அல்லாதாரும் விளைநிலம் வாங்கலாம் என்று 2020இல் சட்டம் தளர்ந்தது. குத்தகைத் தடையோ தளரவில்லை.

உர மான்யம் இவ்வாறன்று. 45 கிலோ யூரியா மூட்டையை மான்ய விலையில் குத்தகைக்காரரும் வாங்கலாம். பம்பு செட்டுக்கு 10 குதிரைத்திறன் வரை இலவச மின்சாரம் உண்டு. ஆனால் மானாவாரிக் கேழ்வரகு விதைப்பவருக்கு அதனால் என்ன பயன்? கிணறுள்ளவருக்கே அந்த நன்மை.

வழியே இல்லை என்பதற்கில்லை. ஆந்திரம் 2019இல் ஒரு சட்டம் செய்தது. உடையவரின் உரிமைக்குப் பங்கம் வராமல், உழுபவருக்கு 11 மாத ஒப்பந்தச் சீட்டு ஒன்றை அது அளித்தது. இதற்கு மாறான நிகழ்ச்சியைத் தமிழ்நாடு 2020இல் கண்டது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலிய ஜில்லாக்களில் தகுதியற்றோர் பலர் கிசான் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. ராஜ்யம் முழுவதிலும் அவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். நிலமே இல்லாதவரும் பட்டியலில் நுழைய முடிந்தது. உண்மையில் உழுபவரால் முடியவில்லை!

வெளி ராஜ்யத்தில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ நம் பெயரில் பட்டா இருக்க, பங்காளியோ அண்டை வீட்டாரோ அந்நிலத்தை உழுதுகொண்டிருக்கலாம். தவணைப் பணம் நம் கணக்கில்தான் விழும்; பாடுபட்டவருக்கு அதில் பங்கு தருவதை எந்த விதியும் தடுக்கவில்லை. பட்டா இன்னும் காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே இருந்தால், அப்பணம் எவருக்கும் வராது. 2019 பிப்ரவரி 1ஆம் தேதிக்குப் பின் கிரயத்துக்கு வாங்கிய நிலத்துக்கு இத்திட்டத்தில் இடமில்லை. வாரிசாக வந்த நிலத்துக்கு அந்தத் தேதி தடையாகாது. தாலுகா அலுவலகத்தில் பட்டாவை மாற்றிக்கொண்டபின் மனுச்செய்யலாம்.