தண்ணீர் இறங்காத மண்

மழை விட்டு நாலு நாளாகியும் வயலில் தண்ணீர் கலங்கலாகவே நிற்கும். மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டினால் அடியில் ஈரமே இருக்காது. அதுதான் களர் நிலம். சோடியம் மிஞ்சிப்போனால் களித்துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து, மண்ணின் கண்களை அடைத்துவிடும். வேருக்கு மூச்சு முட்டும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டிவிடும். அந்தக் காலத்தில் துணி வெளுக்க உவர்மண் அள்ளினார்களே, அதுவும் சோடியத்தின் கைவரிசைதான். நெல்லுக்கு ஆகாதது வேட்டிக்கு ஆனது!

மருந்து, ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை நகர்த்தும். ஆனால் நல்ல தண்ணீரைத் தேக்கி, வடிகால் வெட்டி அந்தச் சோடிய உப்பை வெளியேற்றாவிட்டால் போட்ட காசு வீண். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிட்டு, களர் தாங்கும் திருச்சி 3 நெல்லை நடலாம்.