பாலைவனத்தில் பத்து நாட்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"வெற்றிக்கு வழி" என்று ஏதாவது பேசுங்கள் என்றார் சங்கச் செயலாளர். அதற்குத் தகுதியானவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு தோல்வியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மனுஷன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, இருபது நிமிஷத்துக்குள்ள தோத்துடுங்க" என்று அனுமதி கொடுத்தார்.

2022 ஜூலையில் நடந்தது இது. கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். நாகைப் பக்கம் கடைமடை விவசாயி. அப்போது வயது எழுபத்து நான்கு. நான், என் மனைவி, பதினாறு வயது மகள், பதினோரு வயது மகன், அப்பா என ஐந்து பேரும் ஒரு வாடகை வண்டியில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிளம்பினோம். மொஹாவி பாலைவனம், கிராண்ட் கேன்யன், நவஹோ மக்களின் நிலம், பேஜ், சயான், கடைசியாக ஹூவர் அணை. பத்து நாள் திட்டம். எந்த ஊரில் எத்தனை மணிக்குக் காபி என்பது வரை கம்ப்யூட்டரில் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். சிவில் எஞ்சினியர் அல்லவா!

பார்ஸ்டோவில் பெட்ரோல் போட நின்றபோது, அப்பா கடைக்குள் போய் ஒரு காலன் தண்ணீர் கேன் நான்கை வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு காலன் என்றால் ஏறக்குறைய நாலு லிட்டர்.

"அப்பா, ஒவ்வொரு ஊர்லயும் கடை இருக்கு. எதுக்கு இவ்வளவு சுமை?"

"இருக்கட்டும் தம்பி. தண்ணி சுமையா?"

நீடில்ஸ் என்ற ஊரைத் தாண்டும்போது வண்டியின் வெப்பமானி 115 காட்டியது. ஃபாரன்ஹீட் கணக்கு, நம் கணக்கில் 46 டிகிரி. கதவைத் திறந்தால் நெல் அவிக்கும் அடுப்புக்கு முன்னால் நிற்பது போல இருந்தது. பையன் உற்சாகமாக இறங்கி, அதே வேகத்தில் ஏறிக்கொண்டான்.

கிராண்ட் கேன்யனைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கொலராடோ ஆறு அறுத்த பள்ளம். நீளம் 277 மைல், ஆழம் ஏறத்தாழ ஒரு மைல். மேல் விளிம்பில் நாம் நிற்கும் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது சுமார் 27 கோடி ஆண்டு. அடியில் கிடக்கும் கரும்பாறைக்குச் சுமார் 170 கோடி ஆண்டு. எங்கள் புவியியல் பேராசிரியர் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்ட படம் அங்கே கண்ணெதிரே நின்றது. அன்று வகுப்பில் தூங்கியதற்கு மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பள்ளத்துக்குள் கோபுரம் போல எழுந்து நிற்கும் பாறைகளில் ஒன்றுக்கு விஷ்ணு கோயில், இன்னொன்றுக்குச் சிவன் கோயில் என்று பெயர். 1880-களில் இந்த இடத்தை ஆராய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் வைத்த பெயர்கள். அப்பாவிடம் சொன்னேன். கை கூப்பினார். பிறகு கீழே மெல்லிசாகத் தெரிந்த ஆற்றைக் காட்டி, "இது எங்க போயி சேருது?" என்று கேட்டார்.

"கடலுக்குப் போகணும்ப்பா. ஆனா பெரும்பாலான வருஷம் போய்ச் சேர்றதில்ல. வழியிலேயே எல்லாத்தையும் எடுத்துடறாங்க."

"அப்ப இங்கயும் கடைமடை இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை விடுதியைக் காலி செய்யும்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மகளின் பெரிய பை பின்பக்கம் நுழையவில்லை. அப்பா முந்தின இரவே நிரப்பி வைத்திருந்த நான்கு கேன்களில் இரண்டை எடுத்து அறை வாசலிலேயே ஓரமாக வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. கயென்டாவில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பு. கயென்டாவில் பெட்ரோல் போட்டேன், தண்ணீரை மறந்தேன்.

கயென்டாவுக்கு வடக்கே அகத்லா என்றொரு குன்று. தரையிலிருந்து சுமார் 1,500 அடி உயரம், கன்னங்கரேல். பழைய எரிமலையின் தொண்டைக்குழியில் உறைந்துபோன குழம்பு அது. சுற்றியிருந்த மென்பாறை எல்லாம் கரைந்துவிட, தொண்டை மட்டும் நிற்கிறது. அதைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுக்க ஆசைப்பட்டு, நெடுஞ்சாலையை விட்டு ஒரு மண் தடத்தில் வண்டியை இறக்கினேன். அது நவஹோ மக்களின் மேய்ச்சல் நிலம், அனுமதியில்லாமல் போகக் கூடாது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. நாலு மைல் போனதும் ஒரு கூரான கல், டயரின் பக்கவாட்டைக் கிழித்தது.

ஸ்டெப்னியைத் தேடினேன். இல்லை! இப்போது பல புது வண்டிகளில் ஸ்டெப்னி கிடையாது. ஒரு குப்பி பசையும் காற்றடிக்கும் சிறு கருவியும்தான். பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பசை உதவாது. செல்போனில் சிக்னல் இல்லை. மதியம் ஒரு மணி. மரம் என்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. கையிலிருந்தது அரைக் கேன் தண்ணீர்.

"நாலு மைல்தானே, நடந்து போய் ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்று புறப்பட்டேன். அப்பா என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"உச்சி வெயில்ல நடக்காத. வண்டியோட நிழல்லயே இரு. வண்டி கண்ணுக்குத் தெரியும். நீ விழுந்தா தெரியாது."

பிறகு படித்துப் பார்த்தேன். பாலைவனத்தில் சிக்கியவர்களுக்கு அந்த நாட்டுப் பூங்காத் துறை சொல்லும் முதல் அறிவுரையும் அதுதான்: வண்டியை விட்டு அகலாதே. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் தண்ணீர் என்பது இன்னொன்று. நான் படிக்காததை அப்பா படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்.

வண்டிக்குப் பின்னால் கேனைத் தேடிய அப்பா, எண்ணிப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். "நாலு வச்சேனே... ரெண்டு அங்கேயே விட்டுட்டேன் போல. வயசாயிடுச்சு. தாத்தா மறந்துட்டேன் கண்ணு" என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டரை மணி நேரம். அப்பா தன் பங்கைப் பேரனுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்ததை நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம். உதடு வெடித்து, கண் செருக ஆரம்பித்துவிட்டது. என் மனைவி துண்டை நனைத்து நெற்றியில் போட்டாள். மகள் அழுதாள். நான் அட்டவணை போட்ட பிரிண்ட்-அவுட்டை வைத்து விசிறிக்கொண்டிருந்தேன். அதற்கு மட்டும்தான் அது பயன்பட்டது.

அப்போது தூரத்தில் புழுதி தெரிந்தது. பின்பக்கம் பெரிய பிளாஸ்டிக் தொட்டி கட்டிய ஒரு பிக்கப் வண்டி. ஓட்டியவன் இருபது வயதுப் பையன். பக்கத்தில் அவன் பாட்டி. அந்த அம்மா இறங்கி, எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக அப்பாவிடம் போய்த் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லிக் கையால் காட்டினார். நவஹோ மொழியில்தான் பேசினார். இரண்டாம் உலகப் போரில் எதிரிகளால் கடைசி வரை உடைக்க முடியாத ரகசியக் குறியீட்டுக்கு அடிப்படையான மொழி அது. ஆனால் அன்று அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

அப்பா தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு கேளு."

போக வர நாற்பது மைல் என்றான் பையன். வாரம் இரண்டு தடவை. வீட்டில் குழாய் கிடையாது. குடிக்க, சமைக்க, ஆட்டுக்கு, எல்லாவற்றுக்கும் இந்தத் தொட்டிதான். அந்த மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை என்பதை அன்றுதான் அறிந்தேன். உலகத்தின் பணக்கார நாடு அது!

எங்கள் காலிக் கேனை நிரப்ப அந்த அம்மா கை நீட்டினார். அப்பா தடுத்துவிட்டார். "குடிக்கத்தான் வாங்கணும். அவங்க சுமந்த தண்ணிய நாம நெரப்பிக்கக் கூடாது." பணம் கொடுத்தேன்; வாங்கவில்லை. பையன் என்னையும் சக்கரத்தையும் கயென்டாவுக்கு ஏற்றிப் போய், பழைய டயர் ஒன்று மாட்டிக் கொண்டுவந்து விட்டான்.

பேஜ் ஊரில், குறுகலான பாறைப் பிளவுகளுக்குள் போகும் நடையை வழிகாட்டி ரத்து செய்துவிட்டார். எங்கள் தலைக்கு மேல் நீலவானம். மேகம் வெகு தூரத்தில். மகள் கோபித்துக்கொண்டாள். 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அதே ஆன்டிலோப் பிளவில், எங்கோ மைல்களுக்கு அப்பால் பெய்த மழை வெள்ளமாக வந்து பதினொரு பயணிகளை அடித்துச் சென்றது என்று அவர் விளக்கினார். இந்த முறை நான் வாதாடவில்லை.

கடைசி நாள் ஹூவர் அணை. 726 அடி உயரம். 1935-ல் ரூஸ்வெல்ட் திறந்து வைத்தார். நம் மேட்டூர் அதற்கு முந்தின வருஷம். மீட் ஏரியின் பாறைச் சுவரில் வெள்ளை வெளேரென்று ஒரு பட்டை. நீர் நின்ற உயரத்தின் தடம்.

"முழுக் கொள்ளளவு எத்தனை அடி?" என்றார் அப்பா. மேட்டூருக்கு 120 என்று தினம் பேப்பரில் பார்த்து வளர்ந்தவர்களின் கேள்வி அது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,220 அடி என்றேன். அன்றைக்கு நின்றது 1,040 அடியை ஒட்டி. 1937-ல் நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. அதே மாதம் மேட்டூர் நிரம்பி வழிந்தது என்பது வேறு விஷயம்.

நான் எஞ்சினியராக மாறி விளக்கினேன். 1922-ல் ஏழு மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு மேல்பகுதிக்கு எழுபத்தைந்து லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்பகுதிக்கு எழுபத்தைந்து லட்சம் ஏக்கர்-அடி என்று பிரித்துக்கொண்டார்கள். மழை நன்றாகப் பெய்த வருஷங்களின் கணக்கை வைத்துப் பிரித்தது. 1944-ல் மெக்ஸிகோவுக்குப் பதினைந்து லட்சம். ஆற்றில் அவ்வளவு தண்ணீர் வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "சரி. அந்த அம்மாவுக்கு இதுல பங்கு எவ்வளவு?"

என்னிடம் பதில் இல்லை. அந்த 1922 மேசையில் அவர்களை யாரும் உட்கார வைக்கவில்லை. 1868 உடன்படிக்கையைக் காட்டி நவஹோ மக்கள் வழக்காடினார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கிடைக்க நடவடிக்கை எடுக்க வேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று தீர்ப்பளித்தது. செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்தத் தொட்டிதான் கண்ணில் நின்றது.

மாணவச் செல்வங்களே, நீங்கள் அணை கட்டலாம், கால்வாய் வெட்டலாம், பங்கீட்டுக் கணக்குப் போடலாம். கணக்கை முடிப்பதற்கு முன்னால் என் அப்பா கேட்ட கேள்வியை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதற்குப் பாடத்திட்டத்தில் மதிப்பெண் கிடையாது.

இறுதியாக ஒன்று. அப்பா இந்த அரங்கில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை நாளாக அந்த இரண்டு கேன்களைத் தான்தான் மறந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உறவினர்களிடம் கதை சொல்லும்போதுகூட, "என் தப்புதான்" என்பார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பா, நீங்க மறக்கல. எடுத்து வச்சது நான்தான். பை நுழையலன்னு எடுத்து வச்சேன்.

இதைச் சொல்ல எனக்கு இந்த மேடை தேவைப்பட்டது.