பழைய டிவிக்கு யார் பணம் கட்டுவது?

(நம் சங்கப் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



மின் கழிவை அகற்ற வீட்டுக்கு 100 ரூபாய் வசூலிக்கலாமா என்று செயலாளர் கேட்டிருக்கிறார். வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். பற்று எழுதுமுன் அது யார் கணக்கு என்று பார்ப்பது பழக்கம்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் பழைய பெட்டி டிவியைக் காயலான் கடைக்காரரிடம் 150 ரூபாய்க்குக் கொடுத்தேன். மறுவாரம், பேத்தி ஒட்டிய ஸ்டிக்கரோடு அதன் கூடு பின்பக்கக் காலி மனையில் கிடந்தது. பக்கத்திலேயே உடைந்த பிக்சர் டியூப். செம்புக் கம்பி மட்டும் போயிருந்தது. அந்தக் கண்ணாடியில் ஈயம் உண்டு. நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவது அங்கேதான். எனக்கு 150 ரூபாய் வரவு. செலவு யார் தலையில்?

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2012 மே மாதம் முதலே நம் நாட்டில் இந்தப் பொறுப்பு உற்பத்தியாளருடையது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, கம்பெனிகள் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கணக்குக் காட்ட வேண்டும். 2023-24இல் இலக்கு 60 சதவீதம். 2027-28 முதல் 80.

ஜப்பானில் பழைய டிவியைக் கழிப்பவரே கட்டணம் கட்டுகிறார். 2001 முதல் அப்படித்தான். இங்கே கம்பெனி கட்டுகிறது. அதை விலையில் சேர்க்காமலா விடுவார்கள்? ஆக, கடையிலேயே நாம் கட்டியாயிற்று. மறுபடி 100 ரூபாய் என்றால், ஒரே செலவுக்கு இரண்டு பற்று.

ஆனால் ஒன்று. பதிவு பெற்ற ஆலை பிரித்தெடுக்கும் உலோகத்துக்குத்தான் சான்றிதழ். காயலான் கடைக்குப் போனால் நாம் கட்டியது அங்கே போய்ச் சேராது. வயரை எரித்துப் புகையைச் சுவாசிப்பவர் தன் உடம்பால் கட்டுகிறார்.

அதனால் என் யோசனை: வசூல் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு நாள் எல்லோருடைய பொருளையும் சேர்த்து, வாரியத்தில் பதிவு பெற்றவரை வரவழைப்போம். பதிவு எண்ணைச் சரிபார்த்து, எடை போட்டு, ரசீது வாங்குவோம். பணம் கொடுத்தால் சங்கக் கணக்கில் வரவு வைப்போம். நாம் விட்டுக்கொடுப்பது அந்த 150 ரூபாயைத்தான்.

என் வீட்டிலிருந்து ஒரு மிக்சி, இரண்டு செல்போன், ஒரு பை நிறைய சார்ஜர் முதலில் வரும்.