கரு உருவாகும் இடம்

கரு எங்கே உருவாகிறது? கர்ப்பப்பையில் என்போம். இல்லை. கருக்குழாயில்.

கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் உண்டு. அரைச் சாண் நீளம்தான். அதன் முனை, சேலை முந்தானைக் குஞ்சம் போல இழை இழையாக இருக்கும். சினைப்பையிலிருந்து முட்டை வெளிவந்ததும், அந்த இழைகள்தான் அதை வாரி உள்ளே இழுக்கின்றன. எவ்வளவு நுட்பமான வேலை! விந்தணு அங்கே வந்து சேர்ந்தால், குழாயிலேயே கரு உருவாகும். பிறகு மெல்ல நகர்ந்து, சில நாளில் கர்ப்பப்பைக்கு வந்து ஒட்டிக்கொள்ளும்.

சில சமயம் கரு நகராமல் குழாயிலேயே தங்கிவிடும். அங்கே வளர இடமில்லை. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே அவ்வளவாகத் தெரியாது.

அதனால், நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் வலி, அதுவும் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், லேசான உதிரப்போக்கு என்றால், சூட்டு வலி என்று வெந்தயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடுராத்திரியானாலும் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நாள் தள்ளியிருப்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். கல்யாணமாகாத பெண்ணாக இருந்தாலும் தயவுசெய்து மறைக்காதீர்கள்.