அனுபவத்துக்கு ஒரு சான்றிதழ்

தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர் என்ற நாற்காலியில் அமர விரும்புகிறவர் அதற்கு முன்பே எங்காவது வேலை பார்த்திருக்க வேண்டும். மேடைக்காகச் சொல்லப்படும் பேச்சில்லை இது, எழுதி வைத்த விதி. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 40-பி பிரிவு, ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் பாதுகாப்பு அலுவலரைக் கட்டாயமாக்கியது. அதன்கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. பொறியியல் பட்டதாரி என்றால் ஆலையில் மேற்பார்வை நிலையில் இரண்டு ஆண்டு நின்றிருக்க வேண்டும். இயற்பியல், வேதியியல் பட்டதாரிக்கும், பட்டயம் பெற்றவருக்கும் ஐந்து ஆண்டு. அதோடு தொழிலகப் பாதுகாப்பில் மாநில அரசு ஏற்ற பட்டயமோ பட்டமோ வேண்டும். கடைசியில் யாரும் கவனிக்காத ஒரு நிபந்தனை: பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருத்துவம் படிக்க வருகிறவரிடம் ஐந்து வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாயா என்று யாரும் கேட்பதில்லை. வக்கீல் படிப்புக்கும் அப்படியே. இந்தத் துறையிலோ, முதலில் மெஷின் பக்கத்தில் நின்று வா, பிறகு புத்தகத்தைத் திற என்று சட்டமே சொல்கிறது. முப்பத்தைந்து வயதில் பெஞ்சில் உட்காருகிறவரைப் பார்த்து ஊர் சிரிக்கலாம். படிப்பே அந்த வயதுக்காரரை எதிர்பார்த்துத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

இந்த அறிவுத்துறை பிறந்த கதையும் அதுதான். இத்தாலியின் மொடெனா நகரில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்று ஒரு மருத்துவர். அவர் வீட்டுக் கழிவுக்குழியை அள்ள ஒரு தொழிலாளி வந்தார். இத்தனை அவசரமாக ஏன் வேலை செய்கிறாய் என்று மருத்துவர் கேட்டார். சில மணி நேரத்துக்கு மேல் குழிக்குள் இருந்தால் கண் போய்விடும் என்றார் தொழிலாளி. அன்று அந்த வீட்டில் பாடம் நடத்தியவர் குழியில் நின்றவர், பாடம் கேட்டவர் பேராசிரியர். தொழிலாளரின் நோய்களைப் பற்றிய தம் நூலை ராமஸ்ஸினி 1700 இல் வெளியிட்டபோது அவருக்கு வயது அறுபத்தாறைத் தாண்டியிருந்தது. நோயாளியிடம் மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளோடு, நீ என்ன வேலை செய்கிறாய் என்ற கேள்வியையும் சேர்த்துவைத்தவர் அவரே. கல் உடைப்பவர்களின் நுரையீரலில் புழுதி சேர்வதையும் அந்த நூல் பேசுகிறது. குழி அள்ளியவர் பெயர்தான் அந்த நூலுக்குள் வரவில்லை.

கல் உடைப்பவரைத் தேடித் தூரம் போக வேண்டியதில்லை, விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையே போதும். வெளியூர்க்காரருக்கு இந்த ஊர் வக்ரகாளியம்மன் கோயில், பௌர்ணமிக் கூட்டம், கல்மரப் பூங்கா. உள்ளூர்க்காரருக்குக் கூடவே கல்குவாரி, கிரஷர், ஜல்லி லாரி, எம் சாண்ட். கல்மரம் என்பது என்ன? சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வண்டலில் புதைந்த மரங்களுக்குள் சிலிகா கரைந்த நீர் ஊறி, நார் இருந்த இடத்தில் சிலிகா படிந்து, மரம் வடிவம் மாறாமல் கல்லாயிற்று. அதைப் பார்க்கச் சுற்றுலா வருகிறார்கள். அதே சிலிகா பக்கத்துக் குவாரியில் கம்ப்ரசர் ஓட, ஜாக் ஹேமர் பாறையைத் துளைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறந்து மனிதனின் நுரையீரலில் படிகிறது. அதைப் பார்க்க யாரும் வருவதில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில் பரவலாக உடைபடும் கருங்கல்லுக்கு நிலவியலார் வைத்த பெயர் சார்னகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறை மேல் கிடந்த பலகைக் கல் நம் பக்கத்துக் கல் வகை என்று கண்டு, தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தப் பெயரைச் சூட்டினார். புதைக்கப்பட்டவர் பெயர் பாறைக்கே நிலைத்துவிட்டது. பாறையை உடைத்து அனுப்பியவர் யார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அந்தப் பாறையில் குவார்ட்ஸ் உண்டு, குவார்ட்ஸ் என்பது படிக சிலிகாதான்.

சிலிகோசிஸ் என்ற நோயின் குணம் இங்கே தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். மூக்கில் தங்குகிற பெரிய புழுதி சளியோடு வெளியே வந்துவிடும். பத்து மைக்ரானுக்கும் குறைந்த நுண்தூள், அதிலும் மிக நுண்ணியது, காற்றறை வரை போய்ச் சேர்ந்து அங்கே தழும்பாகிறது. தழும்பு ஆறுவதில்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். காசநோய் எளிதாகத் தொற்றும். அதனால் காசநோய் என்றே எழுதி மருந்து கொடுத்து அனுப்பிவிடுவதும் நடக்கும். நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வேலை செய்த கோலார் தங்கவயலில் 1930களிலேயே இந்த நோய் ஆராயப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 1995 இல், 2030க்குள் சிலிகோசிஸ் ஒழிய வேண்டும் என்று இலக்கு வைத்தன. குவாரிப் பக்கம் நடந்து பார்த்தவர் அந்த இலக்கைப் பற்றி அதிகம் பேச மாட்டார்.

புழுதி மெல்லக் கொல்லும். பாறை ஒரே நொடியில் கொல்லும். 1961 ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், கெட்டியான பாறையில் படி படியாக வெட்ட வேண்டும், ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்கின்றன. 2022 மே மாதம் திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் இரவில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். கடைசி உடலை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் மறுபடியும் பாறைச் சரிவு, மறுபடியும் ஐந்துக்கும் மேற்பட்ட சாவு. ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, சில வாரம் குவாரிகள் மூடப்படுகின்றன, பிறகு லாரி ஓடுகிறது. பாறை முகத்தில் விரிசல் விழுந்திருப்பதை முதலில் பார்க்கிறவர் எப்போதும் அதன் அடியில் நிற்கும் தொழிலாளி. பார்த்ததைச் சொன்னால் கேட்க ஆளும் இல்லை, அதை எழுதிவைக்க அவரிடம் படிப்பும் இல்லை.

அவர் படிக்க வந்தால் எந்த வாசலில் நுழைய வேண்டும்? குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரே ஊரில் பள்ளம் சுரங்கம், கிரஷர் தொழிற்சாலை. பள்ளத்தை மேற்பார்ப்பது தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கும் கிரஷரை மேற்பார்ப்பது மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். புழுதிக்கு இந்த எல்லை தெரியாது. படிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் இரண்டுக்கும் சான்றிதழ் வேறு.

சுரங்க வழியில் ஏணி மேட், ஃபோர்மன், மேலாளர் என்று ஏறுகிறது. வெடி வைப்பவருக்குத் தனிச் சான்று உண்டு. தேர்வு நடத்துவது சுரங்க இயக்குநரகம். நேரடி வேலை அனுபவமும் முதலுதவிச் சான்றும் காட்ட வேண்டும். இந்த ஏணியின் அருமை என்னவென்றால், கீழ்ப் படி கல்லூரி வாசலில் இல்லை, குவாரியிலேயே இருக்கிறது. இருபது வருடம் ஜாக் ஹேமர் பிடித்த ஒருவரை வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பை அப்போது விட்டவர். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுத மேல் வயது வரம்பு கிடையாது, தமிழிலும் எழுதலாம். அங்கிருந்து மேட் சான்றுக்கு அவர் போக முடியும்.

தொழிற்சாலை வழியில் ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டயம் கையில் இருப்பவர் வேலையை விடாமல் பகுதிநேரப் பொறியியல் பட்டமும் படிக்கலாம், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் சிலவற்றில் அந்த ஏற்பாடு உண்டு. அதற்கு மேல் சென்னையில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் தொழிலகப் பாதுகாப்பில் மேல்நிலைப் பட்டயம் நடத்துகிறது. முதுகலை வேண்டுமென்றால் திருச்சி என்.ஐ.டி. இருக்கிறது, சிவகாசியின் மெப்கோ கல்லூரி இருக்கிறது. பட்டாசு ஊருக்கு நடுவே அந்தப் படிப்பு இருப்பது பொருத்தம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். சிவகாசிக்கு அருகே பாதுகாப்புக்கு ஒரு முதுகலை உண்டு. திருவக்கரை இருக்கும், குவாரிகள் நிறைந்த வானூர் வட்டாரத்துக்கு என்ன உண்டு? திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் நிற்கின்றன, கட்டடம் இருக்கிறது, மாலை நேரத்தில் வகுப்பறை காலியாகவும் இருக்கிறது.

இதற்கிடையே வேறு சில கடைகள் திறந்திருக்கின்றன. பெயர் சொல்லத் தேவையில்லை, சுவரொட்டி பார்த்தவருக்குத் தெரியும். ஆறு மாதத்தில் சேஃப்டி ஆபீசர், நூறு சதவீதம் வேலை, கல்ஃப் விசா. ஹெல்மெட் போட்ட ஒரு படம், அதற்குக் கீழே ஒரு கைபேசி எண். நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் அந்தச் சுவர் தாங்காது. வளைகுடாவில் மதிக்கப்படும் சான்றிதழ்கள் உண்டு, பிரிட்டனின் நெபோஷ் அதில் ஒன்று, அது உண்மையான தேர்வு. ஆனால் மாநில விதிகளின்படி தமிழ்நாட்டில் பாதுகாப்பு அலுவலராக அமர மாநில அரசு ஏற்ற பட்டயம் வேண்டும். சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதை எந்த அரசு ஆணை ஏற்றிருக்கிறது? பதிலுக்கு ஏசி வகுப்பறையைக் காட்டினால் திரும்பி வந்துவிடலாம்.

வகுப்புக்குள் நுழைந்தவர் என்ன படிக்கிறார்? ஆபத்தை இனங்காணுதல், காற்றோட்டம், இரைச்சல், மின்சாரம், தீ, விபத்து விசாரணை, சட்டம். மையமான பாடம் கட்டுப்பாட்டு வரிசை. முதலில் ஆபத்தை அடியோடு நீக்கு. முடியாவிட்டால் வேறு பொருளை வை. பிறகு இயந்திர ஏற்பாடு, பிறகு வேலை நேரமும் முறையும், எல்லாம் தீர்ந்த பிறகே முகமூடியும் ஹெல்மெட்டும். ஊரில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளில் உறுதிமொழி எடுத்து, ஹெல்மெட் மாட்டி, புகைப்படம் எடுத்து, லட்டு கொடுப்பதோடு பாதுகாப்பு முடிகிறது. துளையிடும்போது தண்ணீர் விட்டுத் துளைத்தால் புழுதி பெருமளவு அடங்கும், கிரஷரின் கன்வேயரை மூடித் தண்ணீர் தெளித்தால் இன்னும் அடங்கும். இதைப் புத்தகத்தில் படிக்கும் இருபது வயதுக்காரர் தேர்வுக்கு எழுதுவார். குவாரியிலிருந்து வந்தவர் உடனே கேட்பார்: மே மாதத்தில் தண்ணீர் எங்கே? ஆசிரியர் பதில் தேட வேண்டிய கேள்வி அது.

ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கர் 1931 இல் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு பெரிய விபத்துக்குப் பின்னால் இருபத்தொன்பது சிறு காயம், முந்நூறு தப்பிப்பு. கணக்கின் அடிப்படை சரியில்லை என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள், மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் அந்த முந்நூறு தப்பிப்புகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை, வேலை செய்தவர் நினைவில் மட்டும் இருக்கின்றன. நடுவயதில் படிக்க வருகிறவர் அவற்றைத்தான் வகுப்புக்குக் கொண்டுவருகிறார்.

அவருக்குத் தடைகளும் உண்டு. நாள் கூலிக்காரர் வகுப்புக்குப் போனால் அன்றைய கூலி போகிறது. டெசிபல் என்பது மடக்கையில் ஏறும் அளவு. மடக்கையைப் பள்ளியில் விட்டு வந்து இருபது வருடம் ஆனவருக்கு அது மலை. பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அலுவலருக்குத் தொழிலாளர் மொழி தெரிய வேண்டும் என்று கேட்கும் விதி, தொழிலாளரின் மொழியில் பாடம் வேண்டும் என்று கேட்கவில்லை. தமிழில் பாடநூல் வேண்டும் என்றால் இந்த அவை கைதட்டும். ஆனால் இன்று பல கிரஷர்களில் பெரும்பான்மைத் தொழிலாளர் பேசுவது ஒடியாவும் இந்தியும். அந்த நிபந்தனையை எழுத்துப்படி நிறைவேற்றினால் நம்மூர்ப் பாதுகாப்பு அலுவலர் ஒடியா படிக்க வேண்டும். அதற்கும் கைதட்ட வேண்டும்.

படித்து முடித்தவருக்கு வேலை எங்கே என்பதே கடைசிக் கணக்கு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வரம்பைக் குறைத்திருக்கிறது: ஆலைக்கு ஐந்நூறு பேர், ஆபத்தான ஆலைக்கும் கட்டுமானத்துக்கும் இருநூற்றைம்பது, சுரங்கத்துக்கு நூறு. பெரிய ஆலைகள் உள்ள ஊர்களுக்கு இது நல்ல செய்தி. அதே சட்டம் மின்விசையோடு பத்துப் பேர் என்றிருந்த தொழிற்சாலை வரையறையை இருபதாக உயர்த்திவிட்டது. பதினைந்து பேர் வேலை செய்யும் கிரஷர் தொழிற்சாலை என்ற பெயரையே இழக்கிறது. நூறு பேர் பெயர்ப்பட்டியலில் உள்ள கல்குவாரி அபூர்வம். அலுவலர் கட்டாயமான இடத்தில் சாவு குறைவு, சாவு அதிகமான இடத்தில் அலுவலர் கட்டாயமில்லை.

ஒரு சிறு வழி பழைய விதிகளிலேயே இருக்கிறது. சுரங்கத் தொழிலாளருக்கு வேலையில் சேரும்போதும் பிறகு அவ்வப்போதும் பயிற்சி தர வேண்டும் என்கின்றன 1966 ஆம் ஆண்டுச் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள். பல சுரங்கங்கள் சேர்ந்து ஒரே பயிற்சி மையம் நடத்தவும் அவை இடம் தருகின்றன. பக்கத்துப் பக்கத்துக் குவாரிகள் பங்கு போட்டால், மேட் சான்றோ பட்டயமோ பெற்றுத் திரும்பியவர் ஒருவரை அந்த மையத்தில் முழுநேரச் சம்பளத்துக்கு அமர்த்த முடியும். பாறை முகத்தைக் காலையில் பார்த்து, இறங்கலாமா வேண்டாமா என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடும் வேலைக்கும் அவரையே வைத்துக்கொள்ளலாம்.